ரீஃப் தொட்டியில் புது ராஸ் விடுவது எப்படி

பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டிக்கு வந்த ராஸ் மீன் சில நாளிலேயே போய்விட்டால், காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். தொட்டியை விட்டு வெளியே குதித்திருக்கும். பழைய மீன் விடாமல் துரத்தியிருக்கும். இல்லையென்றால் பயணத்தில் பட்ட காயத்தோடும் ஒட்டுண்ணியோடும் வந்து, எதையும் சாப்பிடாமல் மெலிந்திருக்கும். இந்த மூன்றுக்குமான வேலை மீனை வாங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மீன் பைக்குள் வந்த பிறகு மூடி தேடுவதும் மணல் தேடுவதும் தாமதம்.

எங்கே தூங்கும் இனம்?

ராஸ் குடும்பத்தில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ரீஃப் தொட்டிக்கு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது நிறத்தையோ விலையையோ அல்ல, இரவில் அது எங்கே தூங்கும் என்பதைத்தான். ஃபேரி ராஸ், ஃப்ளாஷர் ராஸ், சிக்ஸ்லைன், மிஸ்டரி ராஸ் ஆகியவை பாறை இடுக்கில் ஒதுங்கித் தூங்கும். இவற்றில் பல, தம்மைச் சுற்றிச் சளியால் ஒரு கூடு கட்டிக்கொள்ளும். காலையில் பாறையில் மெல்லிய சவ்வு தொங்குவதைப் பார்த்து நோய் என்று பயந்து மருந்து ஊற்ற வேண்டாம்.

ஹாலிகோரஸ் வகைகள் (மஞ்சள் கோரிஸ் என்று விற்கப்படுவதும் மெலனூரஸும் இதில் சேரும்), லெப்பர்ட் ராஸ், கோரிஸ், அனாம்ப்ஸஸ் ஆகியவை மணலுக்குள் புதைந்து தூங்குபவை. பயந்தாலும் மணலுக்குள்தான் பாயும். இவற்றுக்கு மணல் இல்லாத தொட்டி சரிவராது. மணல் 0.5 முதல் 1.5 மி.மீ. பருமனில், குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு இருக்க வேண்டும். 12 செ.மீ.க்கு மேல் வளரும் மீனுக்கு 7 அல்லது 8 செ.மீ. நல்லது. நொறுக்கிய பவளத் துண்டு போன்ற கரடுமுரடான அடித்தளத்தில் பாய்ந்து பாய்ந்து வயிறும் தாடையும் சிராய்த்து, அந்தப் புண் வழியே பாக்டீரியா தொற்றிக்கொள்ளும். அடியில் மணலே போடாத தொட்டி என்றால், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் 8 செ.மீ. மணல் நிரப்பிப் பாறைக்குப் பின்னால் வைத்தாலும் போதும், மீன் அதைக் கண்டுபிடித்துவிடும். இன்னொன்று: பாறைகள் மணல் மேல் உட்காராமல் அடிக்கண்ணாடி மேலேயே நிற்கட்டும். அடியில் தோண்டும் மீன் மேல் பாறை சரிய வாய்ப்பு இருக்கக் கூடாது.

எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

முதல் ராஸ் வாங்குகிறவருக்கு ஃபேரி ராஸோ மஞ்சள் கோரிஸோ நல்ல தேர்வு. இரண்டும் பவளத்தைத் தொடாது, உறைந்த உணவைச் சீக்கிரம் ஏற்கும். ஃப்ளாஷர் ராஸ் சிறியது, சாதுவானது. அதனாலேயே முரட்டு மீன்கள் குடியேறுவதற்கு முன்பு அதை விட வேண்டும்.

சிக்ஸ்லைன் கையளவுகூட இருக்காது. ஆனால் ஒரு தொட்டியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டால், பிறகு வரும் எந்த ராஸையும் நிம்மதியாக இருக்க விடாது. வேறு ராஸ் வைக்கும் எண்ணம் இருந்தால் சிக்ஸ்லைனைக் கடைசியாக விடுங்கள். எங்கள் கருத்தைக் கேட்டால், வாங்காமலே இருப்பது இன்னும் நல்லது.

சிவப்பு உடலில் வெள்ளைத் திட்டுகளோடு விற்கப்படும் குட்டி கோரிஸ் கைமார்ட் பார்க்க அழகு. அது 40 செ.மீ. வரை வளரும், பாறைத் துண்டுகளைப் புரட்டும், இறாலையும் நத்தையையும் தின்னும். வீட்டு ரீஃப் தொட்டிக்கு அது ஆகாது. கிளீனர் ராஸையும் கடலிலேயே விட்டுவிடலாம். மற்ற மீன்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணியையும் சளியையும் பொறுக்கித் தின்று வாழும் மீன் அது. பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளில் பட்டினியால் சாகிறது.

லெப்பர்ட் ராஸுக்குப் பழுத்த தொட்டி வேண்டும். நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக் கோப்பிபாட் போன்ற சிற்றுயிர்களைத் தேடும் மீன் அது. இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடியில் கோப்பிபாட்கள் ஊர்வது தாராளமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் சில மாதம் பொறுங்கள்.

ஹாலிகோரஸ் தட்டைப்புழுக்களையும், கிளாம் சிப்பி மேல் ஒட்டும் சின்ன நத்தைகளையும் பொறுக்கித் தின்னும். அது லாபம். அதே வாய்தான் செக்ஸி இறாலையும் ஃபெதர் டஸ்டர் புழுவையும் தின்னும். இவற்றை வைத்திருப்பவர் யோசித்து வாங்க வேண்டும்.

ராஸ்களில் பெரும்பாலானவை பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறும் இனங்கள். ஒரே இனத்தில் இரண்டு வளர்ந்த ஆண்களை ஒரு தொட்டியில் போடக் கூடாது. சோடி வேண்டுமென்றால் ஓர் ஆணும் அதைவிடச் சிறிய பெண்களும், அல்லது அளவில் வேறுபட்ட இளம் மீன்கள் மட்டும். வெவ்வேறு ஃபேரி ராஸ்களைச் சேர்ப்பதானால், உருவத்திலும் நிறத்திலும் ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபடுபவையாகப் பாருங்கள். ஒத்த சாயல் இருந்தால் சண்டை அதிகம்.

மூடி

மூடி இல்லாத தொட்டியில் ராஸ் நிற்காது. பாதி மூடி, பின்பக்கம் கைவிரல் அகல இடைவெளி, பைப் நுழையும் ஓட்டை, தண்ணீர் வழிந்து கீழிறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் மேல்வாய் ஆகிய எல்லாமே வாசல்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய 6 மி.மீ. கண் கொண்ட தெளிவான வலை சிறந்தது. காற்றும் ஒளியும் தடைபடாது. 10 மி.மீ.க்கு மேல் கண் இருந்தால் ஒல்லியான ஃப்ளாஷர் அதற்குள்ளேயே நுழைந்துவிடும். வயரும் பைப்பும் வரும் மூலைகளை வலையில் வெட்டி, பைப்பைச் சுற்றி மீண்டும் அடைத்துவிடுங்கள். சம்ப் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) பக்கமும் மறக்க வேண்டாம். ஓவர்ஃப்ளோ வழியே சம்ப்புக்குப் போய் அங்கிருந்து தரைக்குக் குதிக்கும் மீன்களும் உண்டு.

பெரும்பாலான குதிப்பு, விளக்கு திடீரென்று அணையும்போதும் எரியும்போதும்தான் நடக்கும். விளக்கைப் படிப்படியாக ஏறி இறங்கும்படி டைமரில் வையுங்கள். இரவில் அறை விளக்கைப் போட்டு உடனே தொட்டியருகே போகாதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியது

கடைக்காரரைச் சாப்பாடு போடச் சொல்லிப் பாருங்கள். சாப்பிடாத ராஸைத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வாய் மூடித் திறக்கிறதா, தாடை கோணியிருக்கிறதா, உதட்டில் வெள்ளையாகப் புண் இருக்கிறதா என்று கவனியுங்கள். மணலில் புதையும் ராஸ், வெறும் பைக்குள் அடியை நோக்கி முட்டி முட்டித் தாடையைச் சிதைத்துக்கொள்வது வழக்கமான காயம், அது பெரும்பாலும் தேறாது. ஆழத்திலிருந்து பிடிக்கப்படும் ஃபேரி ராஸில் காற்றுப்பை பாதிப்பு வரும். தலை கீழாக, வால் மேலாகத் தொங்கிக்கொண்டு நீந்தினால் அதுதான். வயிறு ஒட்டியிருந்தாலும், தலைக்குப் பின்னால் முதுகுச் சதை குழிந்திருந்தாலும், செவுள் படபடவென்று அடித்தாலும் விட்டுவிடுங்கள்.

கடைத் தொட்டியின் உப்புச் செறிவைக் கேட்டுக்கொள்வது நல்லது. பல கடைகள் ஒப்படர்த்தி அளவில் 1.018 முதல் 1.022 வரை வைத்திருக்கும். உங்கள் தொட்டி 1.025 என்றால் இந்த வேறுபாடு பின்னால் உதைக்கும்.

தனிமைத் தொட்டி

புது மீனைப் பெரிய தொட்டியில் விடுவதற்கு முன் நோய்க்காகத் தனியே வைக்கும் தொட்டி இது. 40 முதல் 80 லிட்டர் போதும். ஹீட்டர், முன்கூட்டியே பழைய தொட்டியில் ஊறிப் பாக்டீரியா பிடித்த ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிய பிவிசி முழங்கைத் துண்டுகள், மேலே வலை. அதற்கும் மூடி தேவை. மணலில் தூங்கும் இனம் என்றால் ஒரு டப்பாவில் மணல் வையுங்கள். ஆனால் காப்பர் மருந்து கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அந்த மணல் சிலிக்கா மணலாக இருக்க வேண்டும். அரகோனைட் போன்ற சுண்ணாம்பு மணலும் உயிர்ப்பாறையும் காப்பரை உறிஞ்சிக்கொண்டு அளவைக் குழப்பிவிடும். கார்பனையும் எடுத்துவிடுங்கள். அமோனியாவை முதல் இரண்டு வாரமும் தினம் பார்ப்பது கட்டாயம்.

வெல்வெட், இக் (வெள்ளைப்புள்ளி) ஆகிய இரண்டு ஒட்டுண்ணி நோய்களையும் காப்பர் தடுக்கும். கீலேட் செய்த காப்பருக்கு வழக்கமான மருந்து அளவு லிட்டருக்கு 2 முதல் 2.5 மி.கி., அயனிக் காப்பருக்கு ஏறத்தாழ 0.5 மி.கி. இரண்டும் ஒன்றென்று நினைத்து அளவை மாற்றிப் போட்டால் மீன் சாகும். வாங்கிய மருந்தின் லேபிளைப் பார்த்து, அந்த வகைக்குப் பொருந்தும் டெஸ்ட் கிட்டால் அளக்க வேண்டும். ராஸ்களில் பல காப்பரைத் தாங்கும், ஆனால் ஒரே நாளில் முழு அளவுக்கு ஏற்றினால் சாப்பாட்டை நிறுத்திவிடும். நான்கைந்து நாளில் படிப்படியாக ஏற்றி, முழு அளவில் 30 நாள் இடைவிடாமல் வைத்திருங்கள். நடுவில் அளவு குறைந்தால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்துதான். லெப்பர்ட் ராஸும் அனாம்ப்ஸஸும் கூச்சமானவை. வெல்வெட் கண்ணில் படாதவரை முதலில் அவற்றைச் சாப்பிட வைத்துவிட்டுப் பிறகு மருந்தைத் தொடங்கலாம். குளோரோகுயின் ராஸ்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பலரும் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தட்டை ஒட்டுண்ணிகளுக்குப் பிராசிகுவாண்டல், லிட்டருக்கு 2.5 மி.கி. மீன் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு, காற்றுக்கல் வைத்துக் குமிழி நன்றாக வரும்போது போடுங்கள். இந்த மருந்தில் ஓரிரு நாள் பசி குறையும். முட்டையிலிருந்து வெளிவருபவற்றை மடக்க 5 முதல் 7 நாளில் இன்னொரு முறை தேவை. காப்பரை ஒருபோதும் ரீஃப் தொட்டியில் ஊற்றாதீர்கள், இறாலும் நத்தையும் பவளமும் அழிந்துவிடும்.

பையிலிருந்து தண்ணீருக்கு

பை நெடுநேரம் மூடியிருந்தால் உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். பிஎச் தாழ்ந்திருக்கும்வரை மீன் கழித்த அமோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்த உடனே வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அம்மோனியம் விஷ அமோனியாவாக மாறும். அதனால்தான் நீண்ட பயணத்தில் வந்த மீனுக்கு ஒரு மணி நேரச் சொட்டுநீர் முறை கெடுதல்.

பையைத் திறக்காமல் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். திறந்ததும் ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பை அளந்து பாருங்கள். வேறுபாடு 0.002-க்குள் என்றால் உடனே மாற்றிவிடலாம். அதிகம் என்றால், தனிமைத் தொட்டியின் உப்பை பையின் அளவுக்கு இறக்கிவைத்து அதில் விடுங்கள், பிறகு நாளுக்கு 0.001 முதல் 0.002 வரை ஏற்றுங்கள். உப்பு குறைவதை மீன் தாங்கும், சட்டென்று ஏறுவதைத்தான் தாங்காது. வலையால் பிடிக்க வேண்டாம், துடுப்பு கிழியும். குவளையால் மொண்டு விடுங்கள், பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

பெரிய தொட்டியில் அறிமுகம்

தனிமைக் காலம் முடிந்ததும் நேரடியாக விட்டுவிட ஆசை வரும். தொட்டியில் வேறு ராஸ் எதுவும் இல்லை, மற்ற மீன்களும் சாது என்றால் அப்படி விடலாம். மற்றபடி, ஓட்டைகள் கொண்ட தெளிவான அக்ரிலிக் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே மாட்டி, அதில் 3 முதல் 7 நாள் வையுங்கள். நீரோட்டம் தரும் பவர்ஹெட் பம்ப்பின் நேர் வீச்சில் பெட்டி இருக்கக் கூடாது. உள்ளே ஒரு பிவிசி துண்டும், புதையும் இனம் என்றால் சின்னக் கிண்ணத்தில் மணலும் வேண்டும். பெட்டிக்கும் மூடி உண்டா என்று பாருங்கள்.

முதல் நாள் பழைய ராஸ் வந்து பெட்டியை முட்டும், துடுப்பை விரித்துக் காட்டும். இது இயல்பு. சில நாளில் அலுத்துப்போய் கடந்து போக ஆரம்பிக்கும். பெட்டியில் இருக்கும் மீனும் பழைய மீனும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிற அளவுக்கு வந்ததும் விடலாம். முட்டுவது குறையவே இல்லையென்றால் இன்னும் நான்கு நாள் சேர்த்து வையுங்கள்.

விடும் நேரம், விளக்கு அணைய மூன்று நான்கு மணி நேரம் இருக்கும்போது. இருட்டில் விட்டால் தூங்க இடம் தேடி அலைந்து, அந்தப் பதற்றத்திலேயே குதிக்கும். முதலில் பழைய மீன்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு, பிறகு பெட்டியைச் சாய்த்துத் தானாக வெளியேற விடுங்கள். தொட்டியின் ஒரு முனையில் வெளிப்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தால், முரட்டு ராஸ் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். ஓரிரு நாளுக்கு இது பெரிய உதவி.

அப்படியும் அடி நிற்கவில்லை, வால் கிழிகிறது, புது மீன் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால், பெட்டிக்குள் போக வேண்டியது அடிக்கிற மீன்தான். ஒரு வாரம் அதைப் பெட்டியில் வைத்தால் புது மீன் தொட்டியைத் தெரிந்துகொள்ளும், பழையது தன் எல்லையை இழக்கும். புது மீனை மறுபடி பெட்டியில் போடுவது சிக்கலைத் தள்ளிப்போடுவது மட்டுமே.

காணாமல் போன மீன்

மணலில் தூங்கும் ராஸ் விட்ட உடனே புதைந்து, மூன்று நாள், ஒரு வாரம், லெப்பர்ட் ராஸ் என்றால் அதற்கு மேலும் வெளியே வராமல் இருக்கலாம். தோண்டாதீர்கள். தோண்டினால் காயமும் பயமும்தான் மிஞ்சும். உடல் கடிகாரம் பிடிபட்ட இடத்தின் பகல் இரவுப்படி ஓடிக்கொண்டிருப்பதால், சில மீன்கள் நடுப்பகலில் புதைந்து அதிகாலையில் உலாவும். மெல்ல மெல்லத் தொட்டி விளக்கின் நேரத்துக்கு மாறிவிடும். காத்திருக்கும் நாட்களில் அமோனியாவை அளந்து பாருங்கள், வலை நன்றாகக் கட்டியிருக்கிறதா, தொட்டிக்குப் பின்னால் தரையிலோ சம்ப்பிலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியே வந்ததும் ஒரு நாளில் மூன்று நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ராஸுக்கு எப்போதும் ஓட்டம்தான், ஒரு வேளை நிறையக் கொடுத்தால் தாங்காது. உறைந்த மைசிஸ், கலானஸ், ஊட்டமேற்றிய ஆர்ட்டீமியா போன்ற சிறு ஓட்டுயிர் உணவுகளில் தொடங்கலாம். பாறையையே கொத்திக்கொண்டு மிதக்கும் உணவைப் பார்க்காத லெப்பர்டுக்கு, உயிருள்ள கோப்பிபாட்களைச் சேர்த்து அவற்றோடு சின்னத் துண்டு மைசிஸைக் கலந்து விட்டால் பழகும். பெலட் சாப்பிடத் தொடங்குவது பல வாரம் கழித்துத்தான்.

அடுத்த ராஸ் சேர்க்க எண்ணம் இருந்தால், இது நாள் முழுக்க வெளியே நீந்தி, கை அருகில் வந்தும் ஒளியாமல் சாப்பிடும்வரை பொறுத்துவிட்டு, புதியதை இதைவிடச் சற்றுப் பெரிய அளவில் வாங்குங்கள்.