சின்ன வெங்காயத் தாளுக்குள்ள புழுவா? மருந்து அடிக்க முன்னாடி இதப் படிங்க

மலேசியா, சுங்கை சிப்புட்ல வீட்டுக்குப் பின்னால, செம்பனைத் தோட்டத்து ஓரமா நாலு பாத்தி சின்ன வெங்காயம் போட்டிருக்கேன். மொத தடவை பாதிப் பயிர் புழுவுக்கே போச்சு, மருந்து அடிக்காம இல்ல, அடிச்சும் போச்சு, அதான் கடுப்பு.

இந்தப் பச்சைப்புழு தாளுக்கு வெளிய ரொம்ப நாள் இருக்காது. அந்துப்பூச்சி தாள் மேல கும்பலா முட்டை வைக்கும், பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும், ரெண்டு மூணு நாள்ல பொரிச்சிரும். குஞ்சுப் புழு ஓட்டை போட்டு உள்ள பூந்து பச்சைய மட்டும் சுரண்டித் தின்னும். தாள்ல வெள்ளையா கோடு தெரிஞ்சா வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, பிளாஸ்டிக் பை மாதிரி தோலு மட்டும் நிக்கும், உள்ள கருப்பு எச்சம். அந்த நேரத்துல மேல பட்டா மட்டும் கொல்ற மருந்த எவ்வளவு ஊத்துனாலும் உள்ள இருக்கிறதுக்குப் போய்ச் சேராது.

அதனால ரெண்டு நாளைக்கு ஒருதரம் பாத்தியில குனிஞ்சு பாருங்க. முட்டை இருக்கிற தாளையும் வெள்ளைக் கோடு விழுந்த தாளையும் கிள்ளி பையில கட்டிருங்க, பாத்தியிலயே போட்டுறாதீங்க. புழு பொடிசா இருக்கும்போதே மருந்து அடிக்கணும். பிடி (Bt)ன்னு விக்கிற, பாக்டீரியால செஞ்ச மருந்து குஞ்சுப் புழுவுக்கு நல்லா கேக்கும், பெருசுக்கு அவ்வளவா கேக்காது. எமாமெக்டின் பென்சோயேட், ஸ்பினோசாட், குளோரான்ட்ரானிலிப்ரோல், இண்டாக்ஸாகார்ப் இதெல்லாம் இந்தப் புழுவுக்கு அடிக்கிற மருந்துதான், ஆனா லேபிள்ல வெங்காயம் போட்டிருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, அளவும் லேபிள் சொல்றதுதான்.

நான் ஏமாந்தது எங்கன்னா, கடைக்காரர் மாத்தி மாத்தி அடிங்கன்னு ரெண்டு பாட்டில் குடுத்தாரு, பேரு வேற, கலரு வேற, வீட்டுல வந்து கண்ணாடி போட்டுப் படிச்சா ரெண்டுலயும் எமாமெக்டின்தான்! ஒரே சரக்க திருப்பித் திருப்பி அடிச்சா புழுவுக்குப் பழகிப்போயிரும், உள்ள இருக்கிற சரக்கோட குரூப்பு, அதாவது புழுவக் கொல்ற விதம், மாறணும், அட்டைப் படம் மாறினா பத்தாது.

இன்னொண்ணு, வெங்காயத் தாள்ல மெழுகு இருக்கும், சேப்பங்கிழங்கு இலை மேல தண்ணி மாதிரி மருந்து உருண்டு கீழ போயிரும். மருந்து தாள்ல ஒட்டி நிக்கிறதுக்கு, கடையில ஸ்டிக்கர்னு ஒரு திரவம் கேட்டு வாங்கி மருந்தோட கலந்துக்குங்க.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அடிங்க, புழு ராத்திரிதான் வெளிய வந்து மேயும், வெயில்ல பிடியும் எமாமெக்டினும் சீக்கிரம் வீணாப்போயிரும். நம்ம ஊருல அந்த நேரத்துலதான் மழையும் கொட்டும் லா, அப்படி வந்தா விடுங்க, தாள் காஞ்சப்புறம் பாத்துக்கலாம்.

ஸ்டோர்ல குளோர்பைரிபோஸ்ங்கிற பழைய பூச்சி மருந்து கெடந்தா தொடாதீங்க, 2023 மே 1ல இருந்து இங்க விவசாயத்துக்குத் தடை. கையுறை, மாஸ்க், நீளக்கை சட்டை போட்டுட்டுத்தான் பம்ப தூக்கணும். அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால நிறுத்தணும்னு லேபிள்ல இருக்கும், அத எண்ணிக்குங்க, எங்க வீட்டுல தாளையும் கிள்ளி முட்டைப் பொரியல்ல போடுவாங்க.