முன்பணம் திரும்பிவிட்டால் கணக்குத் தீர்ந்ததா?

கார் தருவதாக ஒப்புக்கொண்ட டீலர் கடைசி நேரத்தில் கைவிரிக்கும்போது, பெரும்பாலானவர்கள் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, நாலு வார்த்தை திட்டிவிட்டு வீடு திரும்புகிறார்கள். இருக்கும் தவறுகளில் பெரியது இதுதான். முன்பணம் உங்கள் சொந்தக் காசு. அதைத் திருப்பித் தந்ததற்காக டீலருக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை முறித்ததற்கான இழப்பீடு தனிக் கணக்கு.

அந்தக் கணக்கு மிகப் பழையது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73ஆவது பிரிவுக்குத் தரும் முதல் எடுத்துக்காட்டு, வெடியுப்பு வியாபாரம். 50 மணங்கு (அந்தக் கால எடை அளவு) தருவதாகச் சொன்னவர் தரவில்லை. தர வேண்டிய நேரத்தில் அதே தரமுள்ள வெடியுப்பை வேறிடத்தில் வாங்க எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்குமோ, அந்த வித்தியாசம் வாங்குபவருக்குச் சேர வேண்டும். வெடியுப்பு இருந்த இடத்தில் காரை வைத்துக்கொள்ளுங்கள். பேசிய விலை 100, டெலிவரி நாளில் அதே மாடல் வெளியே 108 என்றால், 8 உங்களுடையது. இங்கிலாந்திலும் மலேசியாவிலும் ஏறக்குறைய இதே அளவுகோல். அமெரிக்காவிலோ, டீலர் முறித்தது உங்களுக்குத் தெரியவந்த நேரத்து விலையைப் பார்ப்பார்கள். விலை ஏறவே இல்லையென்றால் இந்த வழியில் கேட்பதற்கு அதிகம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதனால்தான் முன்பணத்தோடு நீட்டப்படும் ரசீதை நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். “முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரியின் கீழ் கையெழுத்திட்டால், அந்த 8ஐயும் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்றே வாதிடுவார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, “முன்பணத்தை மட்டும் பெற்றேன்” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒப்புக்கொள்ளவில்லையா, வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

இதெல்லாம் ஒப்பந்தம் என்று ஒன்று உருவாகியிருந்தால்தான். ஆர்டர் படிவத்தில் காரின் நிறத்தைச் சரிபார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். மேலாளர் கையெழுத்திட்டால்தான் ஆர்டர் ஏற்கப்பட்டதாகும் என்பது ஒன்று. அந்த இடம் காலியாக இருந்தால், வாங்குகிறேன் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், விற்கிறேன் என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை. டெலிவரி நாளில் நடப்பிலுள்ள விலையே செல்லும் என்பது மற்றொன்று. இது இருந்தால் மேலே போட்ட கணக்குக் கரைந்துவிடலாம்.

எழுத்தில் ஒன்றுமே இல்லையென்றாலும் உடனே சோர்ந்துவிட வேண்டாம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு தம்பதி, 1978ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் பந்தயத்தையொட்டிக் குறைந்த எண்ணிக்கையில் வெளிவந்த கார்வெட் காருக்கு வாய்மொழியாகப் பேசி, 500 டாலர் முன்பணம் கட்டினார்கள். கிராக்கி ஏறியதும், ஏலம் கேளுங்கள் என்றார் டீலர். எழுத்து இல்லாத குறையை அந்த 500 டாலர் ஈடுசெய்துவிட்டது என்று 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. காரையே கொடுக்க வேண்டும் என்ற உத்தரவையும் உறுதிசெய்தது. இதைப் படித்துவிட்டு “எனக்கும் அதே கார்தான் வேண்டும்” என்று எல்லாரும் பிடிவாதம் பிடிப்பது அடுத்த தவறு. அந்தக் கார் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. எந்த ஷோரூமிலும் நிற்கும் மாடலுக்கு நீதிமன்றம் பொதுவாகப் பணத்தைத்தான் தரும்.

நம்ப முடியாத மலிவு விலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு பணம் கட்டுவதும் புத்திசாலித்தனம் ஆகாது. கலிஃபோர்னியாவில் ஒரு டீலர் 37,995 டாலருக்கு விற்க நினைத்த பழைய ஜாகுவார் கார், பத்திரிகை விளம்பரத்தில் 25,995 என்று அச்சாகிவிட்டது. வாங்க வந்தவருக்கு அது பிழை என்று தெரியாது. ஒப்பந்தம் உருவானது உண்மைதான் என்று 2001இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் நேர்மையாக நேர்ந்த பிழை என்பதால் டீலரை விடுவித்தது. விவரம் அறியாதவருக்கே இந்தக் கதி என்றால், பிழை என்று தெரிந்தே பாய்ந்து பிடித்தவருக்குச் சட்டம் இரங்காது.

டீலர் முறித்த பிறகு, கோபத்தில் கையைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் உங்கள் இழப்பீட்டைத்தான் குறைக்கும். இழப்பைக் கூட்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வாங்குபவருடையது. நான்கைந்து இடங்களில் எழுத்தில் விலை கேளுங்கள், நியாயமான காலத்தில் அதே வகைக் காரை வாங்குங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி மேலான மாடலை வாங்கிவிட்டு வித்தியாசத்தை டீலர் தலையில் கட்ட முடியாது.

அமெரிக்காவில் இன்னொரு வகைப் பின்வாங்கல் உண்டு. காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த சில நாட்களில், கடன் கிடைக்கவில்லை, கூடுதல் வட்டிக்குப் புதிதாகக் கையெழுத்திடுங்கள் என்று டீலரிடமிருந்து அழைப்பு வரும். பயந்துபோய் அன்றே கையெழுத்திடாதீர்கள். கடனை மறுத்தது யார் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தம் ரத்து என்றால், நீங்கள் மாற்றாகக் கொடுத்த பழைய காரும் கட்டிய பணமும் திரும்ப வேண்டும்.

இறுதியாக, போனில் சண்டை போடாதீர்கள். “இந்தத் தேதியில் இந்த விலைக்கு ஒப்புக்கொண்டீர்கள், இத்தனை நாளுக்குள் காரைத் தாருங்கள்” என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். விளம்பரத்தையும் விற்பனைப் பிரதிநிதியின் வாட்ஸ்அப் செய்திகளையும், ஒதுக்கப்பட்ட சேசிஸ் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தை அணுகக் கெடு 2 ஆண்டுகள், இங்கிலாந்தில் வழக்குத் தொடுக்க 6, அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 4. பொதுவாக நாட்களை எண்ணத் தொடங்குவது டீலர் ஒப்பந்தத்தை முறித்த நாளிலிருந்து. “பார்த்துச் செய்கிறோம்” என்று அவர் இழுத்தடித்த மாதங்களும் அந்தக் கணக்கில்தான் சேரும்.