டவுனுக்கு ஒரு தடவை போனால் போதும்: வேலைப் பட்டியல் போடும் முறை

திருகோணமலை டவுனுக்குப் போய், உப்புவெளிக்குத் திரும்பி வந்து பையைக் கீழே வைத்த பிறகு, "ஐயோ, போட்டோகொப்பி எடுக்கவில்லையே" என்று நினைவு வருகிறவர்களுக்கான பதிவு இது. கையில் பட்டியல் இருந்தும் பாதி வேலை அப்படியே கிடக்கிறது என்பவர்களும் வாசிக்கலாம்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைகளை "அவசரம்", "முக்கியம்" என்று கட்டம் போட்டுப் பிரிக்கிற முறைகள் எனக்குச் சரிவரவில்லை. வங்கி வேலை எவ்வளவு அவசரமானாலும், இரவு எட்டு மணிக்கு வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு அதை வைத்து என்ன செய்வது? இந்த வேலையைச் செய்ய நான் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஊரில் முதல் கேள்வி. அதனால் இந்த முறை முழுவதும் இடத்தை வைத்தே ஓடுகிறது. அடிப்படை யோசனைகள் பலவும் அமெரிக்கரான டேவிட் அலன் 2001இல் எழுதிய வழிமுறையில் இருப்பவை. அது கோப்பும் மேசையுமாக இருப்பவர்களை மனதில் வைத்துச் செய்தது. நான் அதை வெட்டிச் சுருக்கியிருக்கிறேன்.

வேண்டிய சாமான்கள்

சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்கும் சின்னக் கொப்பி ஒன்று, பேனை ஒன்று, போன். மொத்தமான கொப்பி வாங்கினால் அது வீட்டிலேயே தங்கிவிடும். சுருள் கம்பி போட்டதும் வேண்டாம், பைத்துணியில் கொளுவிக்கொள்ளும். ஜெல் பேனைக்கும் நான் எதிரி. நவம்பர் மழையில் ஒரு துளி பட்டால் போதும், டவுன் பக்கம் முழுக்க நீலமாகிவிடும். சாதாரண போல்பொயின்ட் பேனைதான் சரி.

படி 1: தலையில் இருப்பதைக் கொட்டுங்கள்

ஓர் இடத்தில் இருந்து, நினைவுக்கு வருகிற எல்லா வேலைகளையும் வரிசை பார்க்காமல் எழுதுங்கள். பாத்ரூம் குழாய், மகளின் ரியூசன் காசு, அம்மாவின் கண், பைக் லைசென்ஸ், கூரை ஒழுகல், சித்தப்பாவிடம் வாங்கிய ஏணி. பெரியது, சின்னது பார்க்க வேண்டாம். எழுதும்போதே ஒன்றை எழுந்துபோய்ச் செய்யவும் வேண்டாம். "இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற வேலையை எழுதாமல் உடனே செய்" என்று அலன் ஒரு விதி சொல்வார். நல்ல விதிதான், ஆனால் கொட்டுகிற நேரத்தில் அதைக் கடைப்பிடித்தால் குழாயை இறுக்கப் போனவர் கிணற்றடியைக் கழுவிக்கொண்டு நிற்பார். அந்த விதியை மற்ற நேரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வருகிற புது வேலைகளுக்கு ஒரே ஒரு வாசல் போதும். கொப்பியின் கடைசிப் பக்கம் அல்லது வட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பும் செய்தி, இரண்டில் ஒன்று. 2022 கடைசியிலிருந்து வட்ஸ்அப்பிலேயே அந்த வசதி இருக்கிறது, தனியாக ஒரு குரூப் திறக்கத் தேவையில்லை. தமிழில் தட்டச்சு செய்யச் சோம்பலாக இருந்தால் கூகுள் விசைப்பலகையில் மைக்கை அழுத்திப் பேசுங்கள். எங்கள் பேச்சை அது சில நேரம் வேடிக்கையாக எழுதும், ஆனால் அன்றிரவு வாசித்தால் விளங்கும். நாலு நாள் கழித்து வாசித்தால் விளங்காது.

படி 2: பெயரை எடுத்துவிட்டுச் செயலை எழுதுங்கள்

எல்லாரும் தடக்குப்படுகிற இடம் இதுதான். நானும் அதிகம் மல்லுக்கட்டியது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

"பைக் லைசென்ஸ்" என்று கொப்பியில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறீர்கள், மனம் சுருங்குகிறது, அடுத்த வரிக்குப் போகிறீர்கள். சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். அந்த வரியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பைக்குக்கான வருடாந்த லைசென்ஸைப் (வருமான அனுமதிப்பத்திரம்) புதுப்பிக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் செல்லுபடியாகும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள். இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்று உங்களுக்கு நினைவில்லை. ஆக, உண்மையில் செய்ய வேண்டிய முதல் வேலை: "இன்ஷூரன்ஸ் அட்டையை எடுத்து முடிவுத் திகதியைப் பார்." வீட்டில், அலுமாரிக்கு முன்னால் நின்றே செய்யலாம். மாதக்கணக்கில் நகராத வரி அன்றைக்கே நகர்ந்துவிடும்.

இன்னும் சில:

"அம்மாவின் கண்" என்பது "அம்மாவின் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைப் பார்" என்று ஆகும். "வதிவிடச் சான்றிதழ்" என்றால், கிராம சேவகர் எழுதித் தருவார், பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அவர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். எனவே முதல் வரி "கிராம சேவகர் எந்தெந்த நாள் இருப்பார் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேள்." "கூரை" என்பது "ஓடு மாற்றுகிற அண்ணனுக்குக் கோல் எடுத்து, ஒக்டோபருக்கு முதல் எந்த நாள் வரலாம் என்று கேள்." மழை தொடங்கிய பிறகு அந்த அண்ணனைப் பிடிப்பது பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. அந்த வரியை மட்டும் கிழித்துத் தம்பியிடம் கொடுத்தால், உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் போய்ச் செய்துவிட்டு வருவானா? "என்ன அண்ணா இது?" என்று கேட்பான் என்றால் இன்னும் உடையுங்கள். "ஒழுங்கு செய்", "கவனி", "முடிவெடு", "ஏற்பாடு பண்ணு" மாதிரியானவை செயல் போலத் தோன்றும், ஆனால் தம்பி கட்டாயம் கேள்வி கேட்பான்.

இதற்குப் பின்னால் ஆராய்ச்சியும் உண்டு. முடிக்காத வேலைகள் முடித்தவற்றைவிட அதிகமாக நினைவில் நிற்கின்றன என்று 1927இல் புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் அதே முடிவு கிடைக்கவில்லை. எனக்குப் பயன்பட்டது மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. முடிக்காத வேலை மனதை அரித்துக்கொண்டிருக்கும், ஆனால் அதை எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் திட்டம் போட்டவர்களுக்கு, வேலை முடியாமலே அந்த அரிப்புக் குறைந்தது. "கூரை" என்று எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வராததற்கும், "அண்ணனுக்குக் கோல் எடு" என்று எழுதினால் வருவதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

படி 3: இடத்துக்கு ஒரு பக்கம்

கொட்டியதையெல்லாம் இப்போது பிரித்து எழுதுங்கள். என்னுடைய பக்கங்கள்: வீடு, போன், டவுன், அரச அலுவலகம், ஆட்கள். அவ்வளவுதான். ஆறுக்கு மேல் போனால் எந்தப் பக்கத்தில் எழுதினோம் என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

டவுன் பக்கத்தில் பஸ் நிலையத்தில் இறங்கி நடக்கிற ஒழுங்கிலேயே எழுதுகிறேன்: கொமியூனிகேஷன் (போட்டோகொப்பி எடுக்கிற கடை), பாமசி, ஹாட்வெயார், கடைசியாகச் சந்தை. மீனை முதலில் வாங்கிக்கொண்டு வெயிலில் அலைய முடியாது என்பதால் சந்தை எப்போதும் கடைசி வரி. அளவு, எண்ணிக்கை எல்லாம் வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "குழாய் வாசர்" என்று மட்டும் எழுதிக்கொண்டு ஹாட்வெயார் கடைக்குப் போனால் "அரை இஞ்சியா, முக்காலா?" என்று கேட்பார்கள். பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோவது இன்னும் நல்லது.

"ஆட்கள்" பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மாமாவைக் கண்டால் கேட்க வேண்டியது, வீட்டுக்காரம்மாவிடம் சொல்ல வேண்டியது, யாரிடம் என்ன கொடுத்து வைத்திருக்கிறோம், யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறோம். சித்தப்பாவின் ஏணி இங்கேதான் வரும். கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ ஆளைக் கண்டதும் பக்கத்தைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் மூன்று வேலை முடியும்.

படி 4: நாள் குறித்தவை கொப்பியில் இருக்கக் கூடாது

கிளினிக் திகதி, லைட் பில், பரீட்சை விண்ணப்பத்தின் கடைசி நாள் போன்றவை போன் கலண்டருக்குப் போகட்டும். கொப்பி உங்களைக் கூப்பிடாது, போன் கூப்பிடும். கடைசித் திகதிக்கு ஒரு கிழமை முன்னதாகவே மணி அடிக்கும்படி வையுங்கள். கடைசி நாளன்று அடிக்கிற மணியால் பதற்றம் மட்டும்தான் மிச்சம்.

இன்னொன்று. வருடத் தொடக்கத்திலேயே போயா நாட்கள் (பௌர்ணமி விடுமுறை) எல்லாவற்றையும் கலண்டரில் ஏற்றிவிடுங்கள். மாதா மாதம் வங்கியும் அரச அலுவலகமும் பூட்டுகிற நாள் அது. அரச அலுவலகம் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போயாவன்று புறப்பட்டால் கடற்கரை பார்த்துவிட்டு வரலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா நேரத்தில் டவுனில் பல கடைகள் சாத்தியிருக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

படி 5: நாளைக்கான சீட்டு

இரவில் பக்கங்களைப் புரட்டி, நாளைக்கு எங்கே இருக்கப் போகிறீர்களோ அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் நாலைந்து வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். டவுனுக்குப் போகாத நாளில் டவுன் வேலை ஒன்றுகூடச் சீட்டில் வரக் கூடாது. கண்ணில் படவே கூடாது.

ஏன் நாலைந்து மட்டும்? நாங்கள் எல்லாரும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறோம். 1994இல் ரோஜர் பியூலர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வுக் கட்டுரை முடிக்க எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் எடுத்தது ஏறத்தாழ 55. கூடவே எங்கள் ஊர் வெயில் இருக்கிறது. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வெளி வேலை இரண்டுக்கு மேல் திட்டமிடுகிறவர் ஒன்றில் வெளியூர்க்காரர், அல்லது ஏசி வாகனம் உள்ளவர்.

படி 6: ஞாயிறு பின்னேரம்

கிழமைக்கு ஒரு தடவை, தேத்தண்ணியோடு, எல்லாப் பக்கங்களையும் வாசியுங்கள். முடிந்ததை வெட்டுங்கள், கடைசிப் பக்கத்திலும் வட்ஸ்அப்பிலும் சேர்ந்ததைப் பிரித்து எழுதுங்கள், வரும் கிழமைக் கலண்டரைப் பாருங்கள். அரை மணித்தியாலம் போதும். இதை விட்டால் மூன்றாவது கிழமையில் கொப்பியை நம்ப மாட்டீர்கள், திரும்பவும் தலைக்குள் சுமக்கத் தொடங்குவீர்கள்.

செயலி வேண்டும் என்பவர்களுக்கு

கொப்பியே வேண்டாம், போனில்தான் செய்வேன் என்றால் மைக்ரோசொஃப்ட் டூ டூ என் தெரிவு. இடத்துக்கு ஒரு பட்டியல் போடலாம். அதில் "என் நாள்" என்ற பகுதி ஒவ்வொரு நாளும் வெறுமையாகத் தொடங்கும், படி 5இன் சீட்டுக்கு அச்சொட்டாகப் பொருந்தும். கூகுள் டாஸ்க்ஸ் இன்னும் எளிது, கலண்டரோடு ஒட்டியே இருக்கும். நிறம், குறிச்சொல், வரைபடம் என்று அலங்காரமான செயலிகளைத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்லமாட்டேன். அவற்றை அழகுபடுத்துவதிலேயே ஞாயிறு போய்விடும்.

பிற்சேர்க்கை

கிண்ணியாவிலிருந்து ஒருவர், "எனக்கு டவுன் இரண்டு இருக்கிறதே?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இரண்டு பக்கம் போடுங்கள், ஆனால் கிண்ணியாவிலேயே கிடைக்கிற எதையும் திருகோணமலைப் பக்கத்தில் எழுதாதீர்கள். 2009இல் பாலம் திறப்பதற்கு முன்பு படகுப்பாதைக்குக் காத்திருந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், எதை எங்கே வாங்குவது என்று தெளிவாகச் சொல்வார்கள்.

வீட்டில் இரண்டு பேர் வேலைகளைப் பகிர்ந்தால் எப்படி என்று பலர் கேட்டீர்கள். கொப்பியைப் பொதுவாக்க வேண்டாம், சண்டை வரும். யார் டவுனுக்குப் போகிறாரோ அவருக்கு டவுன் பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எழுத்து விளங்கவில்லை என்று கோல் வந்தால், அடுத்த முறை பெரிதாக எழுதுங்கள்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு: மே முதல் செப்டெம்பர் வரை "விருந்தினர்" என்று தனிப் பக்கம் ஒன்று போடுங்கள், சீசன் முடிந்ததும் கிழித்துவிடுங்கள். விரிப்புத் துவைப்பது, காஸ் சிலிண்டர் பார்ப்பது போன்று திரும்பத் திரும்ப வருகிறவற்றை ஒவ்வொரு கிழமையும் கையால் எழுத வேண்டாம். கூகுள் டாஸ்க்ஸில் ஒரு தடவை போட்டு, "திரும்பச் செய்" என்பதில் கிழமையைத் தெரிவுசெய்தால் அது தானாக வரும். சீசன் முடிகிற திகதியையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிசம்பர் மழையிலும் விரிப்பைத் துவைக்கச் சொல்லும்.