ஏற்காட்டு மூடுபனியில் படம் எடுக்க

சேலத்தில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். வெளிப்புறப் படம் என்றால் ஜோடிகள் ஏற்காட்டைத்தான் கேட்பார்கள். மூடுபனி இறங்கும் நாள் என்றால் எனக்குக் கொண்டாட்டம்.

முதலில் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுகிறோம் என்பது. காமிராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் வெள்ளைப் பனி அழுக்காக விழும். காமிரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வரை ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலும் தெரியும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் இருந்தால் சரி. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், பனித்துளிகள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்.

அப்புறம் ஆழம். பனியை மட்டும் எடுத்தால் படம் வெறும் வெள்ளைத் தாள்தான். அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு காபித் தோட்டத்துக்குள் போங்கள். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் ஒன்று படச்சட்டத்தின் ஓரத்தில், பக்கத்திலேயே கருப்பாக நிற்கட்டும். பின்னால் உள்ள மரங்கள் வரிசை வரிசையாக வெளுத்துக்கொண்டே போகும். அந்த வெளுப்பில்தான் தூரம் தெரிகிறது. ஜோடியை இரண்டாவது வரிசைக்கு முன்னால் நிறுத்துங்கள். அரக்கு நிறப் பட்டு அங்கே அவ்வளவு அழகாக எடுபடும்! ஆட்டோ ஃபோகஸ் தடுமாறினால் புடவைக் கரையில் ஃபோகஸ் வையுங்கள், அழுத்தமான விளிம்பை அது சட்டென்று பிடிக்கும்.

வீடியோவுக்கு நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி. டிரைபாடில் வைத்துவிட்டு அசைக்காதீர்கள், பனியே நகரட்டும்.

ஏசி காரில் குளிர்ந்த லென்ஸ் ஈரக்காற்று பட்டதும் வியர்க்கும். கடைசிக் கொண்டை ஊசி வளைவுகளிலேயே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.