எபிரெயத் தாள் கிடைத்தால் எதைத் தனியே எடுத்து வைப்பது?

குடிவந்தவர் காலி செய்த வீட்டில் எபிரெய (யூதர்களின் மறைமொழி) எழுத்துள்ள தாள் கிடந்தால் நீல மறுபயனீட்டுத் தொட்டியில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். பழைய சாமி படத்தைத் தண்ணீரில் விடுவது நமக்கு மரியாதை. யூதச் சட்டத்தில் இறைப்பெயரை நீர் கரைத்தாலும் தீ தின்றாலும் அழித்ததாகத்தான் கணக்கு. சேர்த்து வைத்து மண்ணில் புதைப்பதே அவர்கள் முறை.

முதலில் கதவு நிலையைப் பாருங்கள். உள்ளே நுழையும்போது வலப்பக்கம், தோள் உயரத்தில், சாய்வாகவோ நேராகவோ விரல் நீளச் சிமிழ் இருந்தால் அது மெசூசா. உள்ளே தோலில் கையால் எழுதிய யூத வேத வசனங்கள், 22 வரி, 713 எழுத்து. ஓர் எழுத்து உடைந்தாலும் அது செல்லாது, ஆனாலும் குப்பைக்குப் போகாது. பெயின்ட் அடிப்பவர்கள் இதை ஸ்கிரேப்பரால் நெம்புவார்கள். பல சிமிழ்களுக்கு முதுகு கிடையாது. தோல் சுவரோடு ஒட்டியிருக்கும், நெம்பினால் கிழியும். இரு திருகையும் கழற்றி, கீழே கை கொடுத்து எடுங்கள்.

தோரா சுருளும் (கையால் எழுதிய யூத வேதம்), தெஃபிலினும் (வழிபாட்டில் தலையிலும் கையிலும் கட்டும் வசனப் பெட்டிகள்) இதே வகுப்பு. அச்சிட்ட எபிரெய வேதாகமம், வழிபாட்டு நூல், யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் எல்லாம் முழுசாகவே தனியே போகட்டும்.

உதிரித் தாள்தான் தலைவலி. அழிக்கக் கூடாத பெயர்கள் ஏழு. அடிக்கடி வருவது நாலெழுத்துப் பெயர்: வலமிருந்து ஒரு சின்னக் கொக்கி, இடக்கால் மேலே ஒட்டாத வாசல் போன்ற எழுத்து, ஒரு குச்சி, மறுபடி அதே வாசல். வாசல் எழுத்தும் ஒற்றை மேற்கோள் குறியும் மட்டும் இருந்தால் அது சுருக்கம், பெயரல்ல. தமிழில் 'கடவுள்' என்று எழுதியதும் இந்த ஏழில் சேராது. அதற்காகக் காலில் மிதிபடவும் விட மாட்டார்கள். கைப்பேசித் திரையில் அழிப்பதைப் பெரும்பாலான ரபிகள் (யூத மதகுருக்கள்) அனுமதிக்கிறார்கள். படிக்கத் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், நஷ்டமில்லை.

பொருள்களில்தான் தலைகீழாகத் தவறு நடக்கும். மெசூசாச் சிமிழ், தெஃபிலின் வார், சுருளின் உறை ஆகியவை எழுத்தைத் தாங்கியவை, எனவே புதைக்க வேண்டியவை. யூதப் பண்டிகைக் குருத்தோலையும் தொழுகைச் சால்வைக் குஞ்சமும் கடமைக்கு மட்டும் உதவியவை. தாளில் சுற்றிப் போட்டுவிடலாம்.

நம் ஊர் ஈரத்துக்குத் தாள் பூசணம் பிடிக்கும். காய்ந்த துணியில் சுற்றி, இரட்டைப் பையில் கட்டுங்கள். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878 முதல் இருக்கும் மகேன் அபோத் யூதத் தொழுகைக் கூடத்தில் கொடுங்கள்.