ஐ-ஸ்கொயர் 90% என்றதும் பயப்பட வேண்டுமா? மெட்டா அனாலிசிஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே கேள்வியைக் கேட்ட பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி ஒன்றாகக் கணக்கிடுவதுதான் மெட்டா அனாலிசிஸ். அந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதைப் பற்றிப் பேசும் எண் ஐ-ஸ்கொயர் (I²). சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பத்து நிரைகளின் ரப்பர் பாலை நிறுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிரைக்கு நிரை எடை மாறும். அதில் ஒரு பங்கு தராசின் பிழை. மிச்சம்தான் மரங்களின் உண்மையான வித்தியாசம். நிரைகளின் இடத்தில் ஆய்வுகளை வைத்துப் பாருங்கள். ஐ-ஸ்கொயர் சொல்வது அந்த மிச்சம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதை மட்டுமே. எத்தனை கிலோ வித்தியாசம் என்று அது சொல்வதே இல்லை. பலரும் சறுக்குவது இங்கேதான்.

இரத்த அழுத்த மருந்து ஆய்வுகளை வைத்துக் கணக்குப் போடுவோம். ஆய்வுகளின் உண்மையான விளைவுகளுக்கு இடையிலான திட்ட விலக்கம், அதாவது சிதறலின் அளவு, 3 மி.மீ.; இதுதான் டாவ். ஒவ்வோர் ஆய்வின் திட்டப் பிழையும் (தராசின் பிழை போல, மதிப்பீட்டில் தற்செயலாக வரும் தடுமாற்றம்) 3 என்றால், இரண்டையும் வர்க்கமாக்கி, ஐ-ஸ்கொயர் 9/(9+9), அதாவது 50%. பெரிய ஆய்வுகளாக இருந்து பிழை 1 ஆகக் குறைந்தால் 9/(9+1), அதாவது 90%. மருந்தின் விளைவு கூடுதலாகச் சிதறவில்லை, தராசுதான் கூர்மையாகிவிட்டது. ஐ-ஸ்கொயர் 25% என்றால் குறைவு, 50% நடுத்தரம், 75% அதிகம் என்ற எல்லைகளை 2003-இல் ஹிக்கின்ஸ் குழுவினரே தோராயமாகத்தான் முன்வைத்தார்கள்.

அதனால் டாவையும், புதிதாக ஓர் இடத்தில் விளைவு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் கணிப்பு இடைவெளியையும் சேர்த்தே எழுதுங்கள். பத்து ஆய்வுகள், சராசரிக் குறைவு 5 மி.மீ., அதன் திட்டப் பிழை 1, டாவ் 3 என்று கொள்வோம். சராசரி எங்கே இருக்கலாம் என்று மட்டும் காட்டும் நம்பக இடைவெளி ஏறக்குறைய 3 முதல் 7 வரை. பார்க்க நிம்மதியாக இருக்கும். கணிப்பு இடைவெளிக்கு 9-ஐயும் 1-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, பத்து ஆய்வுகளுக்கு டி அட்டவணை தரும் 2.306-ஆல் பெருக்க வேண்டும்: 7.3. இதைச் சராசரி 5-உடன் கூட்டியும் கழித்தும் பாருங்கள். அப்படியானால் புதிதாக ஓர் இடத்தில் அழுத்தம் 12.3 குறையலாம், 2.3 ஏறவும் செய்யலாம். ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளிக்கு மருந்து எழுதும் கிளினிக்குக்குத் தேவைப்படுவது இந்த எண்தான்.

ஆய்வுகளுக்கு இடையே உண்மையான வேறுபாடு உண்டா என்று பார்ப்பது கியூ சோதனை. ஐந்தாறு சிறிய ஆய்வுகளில் அதன் பி மதிப்பு 0.05-ஐத் தாண்டினால் 'வேறுபாடு இல்லை' என்று எழுதாதீர்கள். அத்தனை குறைந்த ஆய்வுகளில் அந்தச் சோதனைக்கு வலு போதாது. அந்த முடிவைப் பார்த்த பிறகு கணக்கிடும் மாதிரியை (மாடல்) தேர்வதும் தவறு. எல்லா ஆய்வுகளிலும் உண்மையான விளைவு ஒன்றே என்று கொள்ளும் நிலையான விளைவா, அது ஆய்வுக்கு ஆய்வு மாறும் என்று கொள்ளும் சமவாய்ப்பு விளைவா என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே முடிவுசெய்துவிட வேண்டும்.

ஒரே ஓர் ஆய்வு மட்டும் தனித்து நின்று ஐ-ஸ்கொயரைத் தூக்கிவிட்டால், காரணம் தேடும் முன் தரவுப் பதிவைத் திறந்து பாருங்கள். திட்ட விலக்கம் கேட்கும் இடத்தில் திட்டப் பிழையை உள்ளிட்டிருக்கலாம். 100 பேர் கொண்ட குழுவில் திட்டப் பிழை திட்ட விலக்கத்தில் பத்தில் ஒன்று. ஆகவே நிலையான விளைவு மாதிரியில் அந்த ஆய்வின் எடை 100 மடங்கு ஊதிவிடும்.