உப்புக்காற்றில் டர்போ எஞ்சினைப் பிரிப்பவர்களுக்கு

மண்டபம், பாம்பன் பக்கம் வீட்டு வாசலிலேயே எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறீர்களா? லேத்தில் ஹோனிங் (சிலிண்டர் உட்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) முடிந்து வந்த எஞ்சின் பிளாக்கை ராத்திரி அப்படியே விட்டுவிடாதீர்கள், நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு விடிவதற்குள் சிலிண்டர் துளையின் சுவரெல்லாம் துருப்பிடித்துச் செம்பட்டையாகிவிடும் (நான் ஒருமுறை சாக்கை மட்டும் போர்த்திவிட்டுத் தூங்கினேன், மறுநாள் திரும்ப லேத்துக்கே தூக்கினேன்). சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாமல் வரும்வரை துடைத்து, உடனே எஞ்சின் ஆயில் தடவி பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டுங்கள். ஆடிக் காற்று மணலை வாரி இறைக்கும் நாளில் அசெம்பிளியே வேண்டாம்.

பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) கூட்டப் போகிறீர்கள் என்றால் பிஸ்டன் ரிங் கேப்பை, அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை, ரிங் கம்பெனி டர்போவுக்குச் சொல்லும் அளவுக்கு வையுங்கள். கேப் குறைந்தால் சூட்டில் ரிங் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் டர்போ. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற தண்டு அது, மிதப்பது மெல்லிய ஆயில் படலத்தில். ஆயில் வரும் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கையால் சுழற்றிவிட்டு, எரிபொருளைத் துண்டித்து, ஆயில் லைட் அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அதற்குப் பிறகுதான் எரிபொருளை இணைத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயில் லைனில் சிலிக்கான் பேஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம், பிதுங்கி உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்.